ரப்பர் தேய்த்தால் சரியாகிவிடும்

எங்கள் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர்கள் சங்கத்துக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது. போன மாதம் புதுவாயலில் கடை வைத்திருக்கும் ஒருவர் அதில் ஒரு கேள்வி போட்டார். கேமிங் கம்ப்யூட்டர் ஒன்றின் பிராசசரை ஓவர்கிளாக் செய்து, அதாவது கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் ஓட வைத்துக் கொடுத்தாராம். வாங்கியவர் வீட்டில் மெமரி எர்ரர் வருகிறதாம், கடையில் வருவதில்லையாம். என்ன செய்வது?

கீழே வரிசையாகப் பதில். முக்கால்வாசிப் பேர் ஒரே பதில்தான் சொல்லியிருந்தார்கள். "ரேமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேய்ச்சு மாட்டுங்க, சரியாயிடும்."

நான் குழுவில் கெட்ட வார்த்தை எழுதிவிட்டேன். செயலாளர் போன் செய்தார். "பாய், திட்டறத விட்டுட்டு இன்னா விஷயம்னு எழுதிக் குடுங்க. சங்க மலர்ல போடறேன்" என்றார். எழுதுகிறேன். திட்டாமல் எழுத வருமா என்று தெரியாது.

என் பெயர் காதர். சொந்த ஊர் பழவேற்காடு. ஐ.டி.ஐ. எலெக்ட்ரானிக்ஸ் முடித்து, சென்னையில் ஒரு கடையில் டி.வி. ரிப்பேர் பார்த்தேன். டி.வி. போய் கம்ப்யூட்டர் வந்தது, நானும் மாறினேன். பிறகு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கேஸ் கம்பெனியில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றேன். இதற்கு மேல் என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கற்றுக்கொண்டதெல்லாம் அடிபட்டுக் கற்றுக்கொண்டதுதான்.

அந்தக் கம்பெனியில் ஆக்சிஜன் சிலிண்டர்களை நிரப்பி அனுப்புவார்கள். ஆள் உயர இரும்பு உருளை. உள்ளே அடைக்கும் அழுத்தம் லாரி டயரில் இருப்பதைப் போலப் பதினைந்து இருபது மடங்கு. அதனால் சில வருடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரையும் சோதிக்க வேண்டும். துரு தின்று சுவர் மெலிந்திருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். முன்பெல்லாம் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்த்தார்கள். பிறகு ஒலி அலை மெஷின் வந்தது. சிலிண்டரை உருட்டிக்கொண்டே பக்கத்தில் வைத்த கருவி அலையை அனுப்பும், திரும்பி வருவதை வைத்து இரும்பின் கனத்தைக் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். எங்கள் இடத்தில் ஐந்து மில்லிமீட்டர் கோடு. அதற்கு மேல் பாஸ். அதற்குக் கீழே என்றால் சிவப்பு பெயின்ட் அடித்து ஓரம் கட்டிவிடுவோம்.

பாஸ் ஆன சிலிண்டர் சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள நிரப்பும் ஷெட்டுக்குப் போகும். அங்கே முனுசாமி என்பவரும் இன்னும் சிலரும் அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு காற்றை அடைப்பார்கள். மெலிந்த சிலிண்டர் ஒன்று தப்பித் தவறி அங்கே போனால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. வேறொரு ஊரில் வெடித்த இடத்தின் போட்டோ ஒன்றை எங்களுக்குப் பாதுகாப்பு வகுப்பில் காட்டினார்கள். அதில் ஷெட் இல்லை. தரை மட்டும்தான் இருந்தது.

எங்கள் மேலாளர் ஜெகதீசன் சார். அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கத்த மாட்டார். யாரையும் வாடா போடா என்றதில்லை. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே பேசுவார். எதையும் எழுதித் தர மாட்டார். அவருடைய உத்தரவு ஒரே வார்த்தைதான்: "பாத்துக்கங்க." அந்த வார்த்தைக்கு, வேலை நடக்க வேண்டும், எப்படி நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டாம் என்று பொருள். இது புரிய எனக்கு ஆறு வருடம் ஆனது.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"காதர், ஸ்கேன் மெஷின் ஒரு சிலிண்டருக்கு நாலு நிமிஷம் எடுக்குது. ரெண்டு நிமிஷம் ஆகணும்."

"உருட்டற மோட்டார ஸ்பீடாக்கிடலாம் சார். ஆனா கம்ப்யூட்டர் தாங்காது. டேட்டா வந்து குவிஞ்சு நின்னுடும்."

"புதுக் கம்ப்யூட்டர் போட்டா?"

"மெஷின் கார்டு பழைய ஸ்லாட்டுல போறது சார். புது மதர்போர்டுல அந்த ஸ்லாட்டே கிடையாது."

கண்ணாடியைத் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உள்ளதையே கொஞ்சம் வேகமா ஓட வைக்கலாம்னு சொல்றாங்களே."

"ஓவர்கிளாக்கா சார்? அது விளையாடற பசங்க வேலை."

"பாத்துக்கங்க" என்றார்.

பார்த்துக்கொண்டேன். அதுதான் என் முதல் தப்பு.

என்ன செய்தேன் என்று எழுதுகிறேன். ரிப்பேர்காரர்களுக்கு இது புரிய வேண்டும். அந்தக் காலத்து பிராசசரில் ஒரு அடிப்படை வேகம் இருக்கும், அதை ஒரு எண்ணால் பெருக்கினால் பிராசசரின் வேகம் வரும். பெருக்கும் எண்ணைப் பிராசசர் கம்பெனி பூட்டி வைத்திருந்தது. ஆகவே அடிப்படை வேகத்தைத்தான் ஏற்ற வேண்டும். ஆனால் ரேமும், அதாவது மெமரியும், அதே அடிப்படை வேகத்தில் தொங்குகிறது. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடு. ஒன்றை அடித்தால் இரண்டும் ஓடும். பிராசசர் தாங்கிவிடும், ரேம் தாங்காது.

இருநூறில் இருந்ததை இருநூற்று ஐம்பதாக்கினேன். கம்ப்யூட்டர் எழும்பவில்லை. ஸ்பீக்கரில் பீப் சத்தம் மட்டும் வந்தது. மதர்போர்டின் பேட்டரியைக் கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் எழும்பும் முன் வரும் செட்டிங் திரையில், ரேமின் விகிதத்தை ஒரு படி இறக்கினேன். இப்போது பிராசசர் வேகமாகவும் ரேம் தன் சொந்த வேகத்துக்குச் சற்றுக் கீழேயும் ஓடியது. எழும்பியது. மெமரி டெஸ்ட் போட்டேன். தப்பே இல்லை. உருட்டும் மோட்டாரையும் அதற்கேற்ப வேகமாக்கியதில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு நிமிடம் இருபது விநாடி ஆனது.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

ஜெகதீசன் சாரிடம் போய்ச் சொன்னேன். "ரெண்டு இருபதா?" என்று மட்டும் கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார்.

நான் திரும்பி வந்து ரேம் விகிதத்தைப் பழையபடி ஒரு படி ஏற்றினேன். இப்போது ரேம் தன் வேகத்துக்கு மேலே ஓட வேண்டும். அதற்குக் கொஞ்சம் வோல்டேஜ் கூட்டிக் கொடுத்தேன். அது பதில் தர எடுத்துக்கொள்ளும் தாமத எண்ணை நாலிலிருந்து ஐந்தாக்கித் தளர்த்தினேன். இரண்டு ரேமையும் ஒவ்வொன்றாகத் தனியே போட்டு ஓட்டினேன், பிறகு சேர்த்து ஓட்டினேன். காலை பத்து மணிக்கு மெமரி டெஸ்ட் போட்டு சாயங்காலம் ஐந்து வரை விட்டேன். ஒரு எர்ரர் கூட இல்லை. மெஷினில் மாட்டிப் பார்த்தால் சிலிண்டருக்குச் சரியாக இரண்டு நிமிடம். எனக்கே என் கையை முத்தமிடலாம் போல இருந்தது.

இந்த மெமரி டெஸ்ட் முழுவதையும் எங்கே செய்தேன்? ஆபீஸில், ஏ.சி. அறையில். அந்தக் கம்ப்யூட்டர் வேலை செய்யும் இடம் அதுவா? இல்லை. ஸ்கேன் கேபின் தகரத்தில் செய்தது. அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பெயின்ட் காய வைக்கும் அடுப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை மூட்டுவார்கள். கேபினில் ஒரு மேசை ஃபேன்தான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆயிரம் தடவை அங்கே வியர்த்திருக்கிறேன். ஆனாலும் தோன்றவில்லை.

ஸ்கேன் மெஷினை ஓட்டியவர் ஸ்டெல்லா. ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஊர். அவர் அப்பா அம்மா கூலிக்கு நடவு நட்டவர்கள். ஸ்டெல்லா பிளஸ் டூ படித்துவிட்டு ஹெல்பராக வந்து ஆபரேட்டர் ஆனவர். வாய் அதிகம். என்னை "காதர்ணே" என்பார். கோபம் வந்தால் "யோவ் பாய்" ஆகிவிடும்.

இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு மதியம் போன் வந்தது.

"காதர்ணே, உன் ராக்கெட்டு நின்னுடுச்சி. ஸ்கிரீன் பூரா நீலமா கீது."

போய்ப் பார்த்தேன். மெமரி எர்ரர். உடனே நான் செய்தது என்ன? எல்லா ரிப்பேர்காரனும் செய்வதைத்தான் செய்தேன். அணைத்தேன், மூடியைத் திறந்தேன், ரேமைக் கழற்றினேன். ஸ்டெல்லாவிடம் பென்சில் ரப்பர் வாங்கி, தங்க நிறக் கால்களைத் தேய்த்தேன். ஊதினேன். மாட்டினேன். ஓடியது.

"இவ்ளோதானா? இத்துக்கா உனக்கு சம்பளம் தர்றாங்க?" என்றார் ஸ்டெல்லா.

"இனிமே நீயே பண்ணிக்க. என்னைக் கூப்டாத."

அவர் பேனா வைக்கும் டப்பாவில் ஒரு ரப்பரைப் போட்டு வைத்துக்கொண்டார். வாரத்துக்கு இரண்டு தடவை நிற்கும். அவரே அணைத்து, தேய்த்து, மாட்டிக்கொள்வார். ஜெகதீசன் சார் இதைக் கேள்விப்பட்டு, "பரவாயில்லையே, ரப்பர்லயே முடியுதே" என்றார். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

ரப்பர் தேய்த்தால் ஏன் சரியானது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் நான்.

நாற்பது நாள் போல ஆயிற்று. ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு ஸ்டெல்லா என் அறைக்கு வந்து ஒரு தாளை மேசையில் போட்டார். மெமோ.

"இத்த படி."

படித்தேன். ஒரு சிலிண்டர் முந்தைய நாள் மதியம் ஸ்கேன் ஆகிப் பாஸ். கனம் ஐந்து புள்ளி நாலு. அதன் வால்வு மரை சரியில்லை என்று முனுசாமி நிரப்பாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார். வால்வு மாற்றியதும் யாரோ அதை மறுபடி ஸ்கேன் வரிசையிலேயே நிறுத்திவிட்டார்கள். அன்று காலை மீண்டும் ஸ்கேன் ஆகியிருக்கிறது. கனம் மூன்று புள்ளி ஆறு. ஒரே சிலிண்டர், இரண்டு கணக்கு. ஆபரேட்டர் சிலிண்டர் நம்பரை மாற்றி எழுதியதாகத் தெரிகிறது, மாலைக்குள் விளக்கம் தரவும் என்று இருந்தது.

"மாத்தி எழுதிட்டியா?" என்று கேட்டேன்.

"யோவ் பாய், எங்க தெருவுல இருக்கற அத்தினி பேரு ரேஷன் கார்டு நம்பரும் மனப்பாடமா சொல்லுவேன். கேக்கறியா?"

"இல்ல, கவனம் தப்பி..."

"தப்பல. அந்த சிலிண்டரு கழுத்துல பச்சை பெயின்டு வழிஞ்சி கீது. எனக்கு நல்லா ஞாபகம். அதே சிலிண்டருதான்." நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கியது. "தப்பா எழுதிட்டேன்னு கையெழுத்து போட்டுட்டா கம்முனு முடிச்சிடறேன்னு சார் சொல்றாரு. போடலைன்னா விசாரணையாம். போட்டுடவா? ஊட்ல ரெண்டு பேரு படிக்கிதுங்க."

எனக்கு உடனே ஒன்றும் விளங்கவில்லை. தாளில் இருந்த நேரங்களை மறுபடி பார்த்தேன். நேற்று மதியம் பாஸ். இன்று காலை ஃபெயில். மெஷின் நிற்பதெல்லாம் எப்போது? மதியம். ஒரு தடவையாவது காலையில் நின்றதா? இல்லை.

"கையெழுத்துப் போடாத" என்றேன்.

"ஏன்?"

காரணத்தைச் சொல்ல எனக்குப் பயம். நான் என்ன செட்டிங் வைத்தேன் என்று யாருக்கும் தெரியாது. ஒரு தாளிலும் இல்லை. ஸ்டெல்லா கையெழுத்துப் போட்டால் நான் தப்பினேன். அது எனக்கு அந்த நிமிடமே புரிந்தது. ஆனால் அவர் கையெழுத்துப் போட்டால் மெஷின் சொன்னது சரி என்று ஆகிவிடும். மெஷின் தொடர்ந்து ஓடும்.

சாப்பாட்டை விட்டுவிட்டுக் கேபினுக்குப் போனேன். அங்கே ஒரு மாதிரித் துண்டு உண்டு. சுவரில் ஓர் இடத்தைச் சரியாக ஐந்து மில்லிமீட்டருக்குக் கடைந்து வைத்த குழாய். தினமும் காலை வேலை தொடங்கும்போது அதை ஸ்கேன் செய்து, ஐந்து என்று காட்டினால்தான் மெஷினை ஓட்ட வேண்டும். விதி அப்படி. காலையில் ஒரு தடவை. ஸ்டெல்லா ஒரு நாளும் தவறியதில்லை.

அடுப்பு மூட்டி ஒரு மணி நேரம் ஆகட்டும் என்று காத்திருந்தேன். கேபின் கொதித்தது. ஸ்டெல்லா வழக்கம்போல ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். இரண்டு மணிக்கு, "அந்த மாதிரித் துண்ட வை" என்றேன்.

"அது காலையில வெச்சாச்சே."

"வைம்மா."

ஆறு புள்ளி எட்டு.

இருவரும் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நீலத் திரை இல்லை. பீப் இல்லை. மெஷின் ஜாலியாக ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தை ஆறே முக்கால் என்று சொல்லிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ரப்பர் போடவா?" என்றார் ஸ்டெல்லா மெதுவாக.

"போடு."

அணைத்தார், தேய்த்தார், மாட்டினார். ஐந்து புள்ளி சுழி. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அழுக்குத்தான், ரப்பர்தான் மருந்து, என் செட்டிங் இல்லை என்று மனசு ஓடியது. பயந்தவன் மூளை அப்படித்தான் ஓடும்.

பிறகு வெட்கமாகிவிட்டது. அரை மணி காத்திருந்து மறுபடி துண்டை வைத்தோம். ஆறு புள்ளி எட்டு இல்லை, இந்தத் தடவை ஐந்து புள்ளி ஒன்பது. அணைத்தேன். இம்முறை ரேமைத் தொடவே இல்லை. மூடியை மட்டும் திறந்து வைத்து, ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா, தொழுகையா?" என்றார் ஸ்டெல்லா.

போட்டேன். ஐந்து புள்ளி சுழி.

ரப்பர் எதையும் செய்யவில்லை. ரப்பர் தேய்க்கும் சாக்கில் கம்ப்யூட்டர் ஆறியது. அவ்வளவுதான். ஆறிய பிறகு போட்டால், கனத்தைக் கணக்கிடும் திருத்த எண்கள் ஹார்ட் டிஸ்கிலிருந்து ரேமுக்குப் புதிதாக வரும், சரியாக இருக்கும். சூடு ஏறியதும், வேகத்துக்கு மேல் ஓடும் ரேமில் அந்த எண்களில் ஒன்று மாறிவிடும். மாறியது நிரலைக் கெடுத்தால் மெஷின் நிற்கும், நாம் பார்ப்போம். திருத்த எண்ணைக் கெடுத்தால் நிற்காது. தப்பான கணக்கைத் தெளிவாக, இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போகும்.

உறுதியாக வேண்டுமே. அதே சூட்டில், அதே கேபினில் மெமரி டெஸ்ட் போட்டேன். ஏழு மணி நேரம் ஏ.சி. அறையில் ஒரு எர்ரர் வராத அதே ரேம். பத்து நிமிடத்தில் சிவப்பு வரி ஒன்று வந்தது. பிறகு இரண்டு. பிறகு திரை நிறைய.

"ஏன் செவப்பா வருது?" என்றார் ஸ்டெல்லா.

"நான்தான் காரணம்" என்றேன். "நீ நம்பர் மாத்தி எழுதல."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சுவரைப் பார்த்தார். நிரப்பும் ஷெட் பக்கத்துச் சுவரை.

"காதர்ணே. நேத்து மதியானம் பாஸானதெல்லாம் இப்ப ரேக்குல கீது. முனுசாமிண்ணன் ரொப்பிகினு கீறாரு."

நான் ஓடினேன். அந்த வயதில் ஓடக்கூடாத ஓட்டம்.

முனுசாமி ஆரம்பாக்கம் பக்கம். ஆந்திரா எல்லை. எல்லாரும் அவருக்கு நைனாதான். பன்னிரண்டு சிலிண்டர்களைச் சங்கிலி போட்டு வரிசையாக நிறுத்தி, ஒரே குழாயில் மாட்டி நிரப்பிக்கொண்டிருந்தார். வாசலிலேயே கையைக் காட்டினார்.

"ஏ பாய், செருப்பக் கயட்டு. ஆணி கீணி இருந்தா பொறி பறக்கும். அப்பால நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே குழிதான்."

"முனுசாமிண்ணே, பம்ப நிறுத்துங்க."

"இன்னா நைனா, பிரஷரு நூத்தி இருபத தாண்டிடுச்சி. இன்னும் கொஞ்சந்தான்."

"நிறுத்துங்கண்ணே. இதுல மெல்லிசு இருக்கலாம்."

அவர் முகத்தில் சிரிப்பு நின்றது. கை தானாகப் போய் பம்பை அணைத்தது.

"எது?" என்றார்.

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"பன்னெண்டுல எதுவா வேணா இருக்கலாம். எதுவும் இல்லாமயும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

முனுசாமி தன் ஆட்கள் இருவரையும் பார்த்து, "வெளிய போங்கடா, கேட்டாண்ட போய் நில்லுங்க" என்றார். அவர்கள் போனார்கள். உள்ளே அடைத்ததை வெளியே விட வேண்டும். அதற்கு ஒரு வால்வை மெல்ல, மிக மெல்லத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் சூடேறும், அதிரும். யாராவது ஒருவர் சிலிண்டர்களுக்கு எதிரே நின்றுதான் திறக்க வேண்டும்.

நான் நிற்கிறேன் என்று சொல்லவில்லை. கான்கிரீட் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். முனுசாமி முன்னால் நின்று வால்வைத் திருகினார்.

"பாய், முள்ளு எங்க கீது பாரு. எனக்கு வேர்வைல கண்ணு தெரியல."

"நூத்திப் பதினஞ்சு."

"ம்."

"நூத்திப் பத்து."

இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு ஐந்துக்கும் நான் சொன்னேன், அவர் "ம்" என்றார். சிலிண்டர் குளிர்ந்து கினுங் என்று ஒரு சத்தம் வந்தது. சாதாரணச் சத்தம்தான், இரும்பு சுருங்கினால் வரும். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முனுசாமி அசையவில்லை. கையை எடுத்திருந்தால் வால்வு ஆடியிருக்கும்.

முள் சுழிக்கு வந்ததும் வால்வை விட்டார். வெளியே போய்க் குழாயடியில் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலமே பிராசசரையும் ரேமையும் கம்பெனி சொன்ன வேகத்துக்கே கொண்டுவந்தேன். மறுநாள், அடுப்பு எரியும்போதே, மாதிரித் துண்டை நாலு தடவை வைத்துப் பார்த்தோம். நாலு தடவையும் ஐந்து. அதன் பிறகு அந்தப் பன்னிரண்டையும் ஸ்கேன் செய்தோம். பதினொன்று நல்ல கனம். ஒன்று மூன்று புள்ளி நாலு.

முனுசாமி கேபின் வாசலில் நின்றிருந்தார். "ரேக்குல எத்தினாவது?" என்று கேட்டார்.

ஸ்டெல்லா பதிவேட்டைப் பார்த்து, "வால்வாண்டயிருந்து மூணாவதுண்ணே" என்றார்.

"ஓகோ" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அன்று அவர் தட்டில் வைத்த வடையைத் தொடவில்லை என்று கேன்டீனில் சொன்னார்கள்.

ஜெகதீசன் சாரிடம் போனேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"ஓவர்கிளாக் பண்ணுங்கன்னு நான் சொல்லலையே காதர்."

"ரெண்டு நிமிஷம் வேணும்னு சொன்னீங்க சார்."

"பாத்துக்கங்கன்னுதான் சொன்னேன்."

அது உண்மை. அதை மறுக்க முடியாது. அதனால்தான் எனக்கு இன்றும் எரிகிறது.

நான் ஒரு தாள் எடுத்து, என்ன செட்டிங், எந்தத் தேதியில் வைத்தேன், ரேமை ஏன் ஒரு படி ஏற்றினேன், எங்கே சோதித்தேன், எல்லாவற்றையும் என் கையெழுத்தில் எழுதினேன். ஒரு பிரதியை ஸ்டெல்லாவின் விளக்கத்தோடு வைக்கச் சொன்னேன். மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். என்னை எடைமேடை கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். ஓய்வு வரை அங்கேதான். ஜெகதீசன் சாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரிப்பேர்காரர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். ஓவர்கிளாக் செய்த பெட்டியில் மெமரி எர்ரர் வந்தால் முதலில் ரேமைக் கழற்றாதீர்கள். எல்லா வேகத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, எர்ரர் வந்த இடத்திலேயே, வந்த நேரத்திலேயே மெமரி டெஸ்ட் போடுங்கள். அதற்குப் பிறகும் வந்தால் ரேமைச் சந்தேகப்படுங்கள், ஒவ்வொன்றாகத் தனியே போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் குற்றவாளி நீங்கள்தான். ரேம் விகிதத்தை இறக்குங்கள். கஸ்டமர் வேகம் குறைந்தது என்று கத்துவான், கத்தட்டும். புதுவாயல் கடைக்காரர் கஸ்டமர் வீட்டுக்குப் போய், அவர் விளையாடும் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்க்கட்டும். ரப்பர் அழுக்குக்குத்தான். நின்றுபோகும் கம்ப்யூட்டர் யோக்கியமானது. அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நிற்காமல் ஓடுவதைப் பார்த்துப் பயப்படுங்கள்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் இதை எழுத ஒத்துக்கொண்டதற்கு வேறு காரணம் இருக்கிறது.

நான் வேகத்தை ஏற்றிய நாளிலிருந்து மதிய வேளையில் பாஸ் ஆன சிலிண்டர்கள் எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்தார்கள். ஸ்டெல்லாவும் நானும் பட்டியல் எடுத்தோம். இந்தத் தொழிலில் இன்னாருடைய சிலிண்டர் என்று கிடையாது. காலியைக் கொடுத்துவிட்டு நிரம்பியதை எடுத்துக்கொண்டு போவார்கள். கை மாறிக் கை மாறிப் போகும். ஆனாலும் ஒவ்வொன்றாக வந்தன. வர வர ஸ்டெல்லா அடித்துக்கொண்டே வந்தார். மெலிந்தது இன்னும் ஒன்று கிடைத்தது. கடைசியில் பட்டியலில் ஒரே ஒரு நம்பர் அடிபடாமல் நின்றது. அது வரவே இல்லை. திருவள்ளூரில் ஒரு ஏஜென்டிடம் போனது வரை தெரியும். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

அது நல்ல சிலிண்டராகவே இருக்கலாம். பெரும்பாலும் நல்லதாகத்தான் இருக்கும். அல்லது வேறெங்கோ சோதனைக்குப் போய், அங்கே பிடித்து, எப்போதோ உடைத்துப் போட்டிருக்கலாம். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் வெல்டிங் கடையைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடுகிறது. போன வாரம் திருப்பாச்சூர் போகும் வழியில் ஒரு கடையில் சிலிண்டரின் தோளில் நம்பர் தெரிய சாவியால் பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கடைக்காரர், "இன்னா பெருசு, எடைக்குப் போடப் பாக்கிறியா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, உள்ளே இருந்த இன்னும் இரண்டையும் அவரே உருட்டிக்கொண்டு வந்தார். அவை இல்லை.

நீங்கள் நூற்றுக்கணக்கானவர்கள் இந்த மாவட்டத்தில் கடை கடையாக, ஆலை ஆலையாகப் போகிறீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள். கறுப்பு உடம்பு ஆக்சிஜன் சிலிண்டர் எதைப் பார்த்தாலும் அதன் தோளைப் பாருங்கள். இரும்பில் குத்திய எழுத்து இருக்கும். பெயின்ட் மூடியிருந்தால் விரலால் தடவினால் தெரியும். கே என்ற ஆங்கில எழுத்து, பிறகு நாலு, நாலு, ஒன்று, ஏழு. பார்த்தால் உருட்டாதீர்கள், வால்வைத் தொடாதீர்கள். இருக்கும் காற்றை முழுக்க வேலைக்குச் செலவழித்துவிட்டு, இனி நிரப்பவே அனுப்பாமல் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். நிரப்பும்போதுதான் ஆபத்து. அந்த நேரத்தில் அதற்கு எதிரே ஒரு ஆள் நின்றுகொண்டிருப்பார்.